நைஸ், பிரையாரிட்டி: வருடக்கணக்கில் புழங்கியபின்

வீடியோ என்கோடிங், பெரிய புரோகிராம்களை கம்பைல் செய்வது என ஏதாவது ஒன்று என் கம்ப்யூட்டரில் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்காக பிரவுசரும் எடிட்டரும் திணறக் கூடாது. இதற்காகவே லினக்ஸிலும் விண்டோஸிலும் பிரையாரிட்டி (யாருக்கு சிபியு முதலில் என்ற முன்னுரிமை) அமைப்புகளைப் பல வருடமாக நோண்டி வருகிறேன்.

லினக்ஸில் எதையும் மாற்றாத ஒரு சாதாரண ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமை, எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் 'டாப்' கட்டளை அதை பிஆர் என்ற தலைப்பின் கீழ் 20 என்று காட்டும். இன்னொரு பட்டியல் கட்டளையான 'பிஎஸ் -எல்' அதையே 80 என்னும். 'பிஎஸ் -ஓ பிஆர்ஐ' போட்டால் 19. லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளே 120. இந்த நான்கும் சொல்வது ஒரே நிலையைத்தான். இதைவிடக் கொடுமை, 'டாப்'பிலும் 'பிஎஸ் -எல்'லிலும் எண் ஏறினால் முன்னுரிமை இறங்கும். 'பிஎஸ் -ஓ பிஆர்ஐ'யில் எண் ஏறினால் முன்னுரிமையும் ஏறும். அதனால் அந்த எண்களை நான் பார்ப்பதே இல்லை. என்ஐ என்று போட்டிருக்கும் நைஸ் எண் மட்டும் போதும். அது -20 முதல் 19 வரை, எண் ஏறினால் முன்னுரிமை இறங்கும், எங்கே பார்த்தாலும் ஒரே பொருள்.

நைஸ் எண்ணுக்குப் பின்னால் சிபியு நேரத்தைப் பிரிக்கும் எடைக் கணக்கு ஒன்று இருக்கிறது. 0 என்றால் எடை 1024, 10 என்றால் 110, 19 என்றால் வெறும் 15. ஒரே சிபியு கோருக்கு இரண்டு ப்ராசஸ் அடித்துக்கொள்ளும்போது ஒன்று 0, மற்றது 10 என்றால் சுமார் 90க்கு 10 என்று பங்கு பிரியும். போட்டி இல்லாவிட்டால் 19-இல் இருப்பதும் முழு சிபியுவையும் எடுத்துக்கொள்ளும். 'டாப்'பில் நைஸ் 19 ப்ராசஸ் நூறு சதவீதம் காட்டினால் பதற வேண்டாம். வேறு யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்தபிறகும் என்னை நெடுநாள் குழப்பியது ஆட்டோகுரூப். 2011-இல் வந்த 2.6.38 கெர்னலிலிருந்து இருக்கும் வசதி இது. இது இயங்கும் கணினியில் ஒவ்வொரு டெர்மினல் செஷனும் தனிக் குழு ஆகிவிடும். சிபியு முதலில் குழுக்களுக்கிடையே பிரியும், நைஸ் எண் அந்தக் குழுவுக்குள்ளே மட்டும் செல்லுபடியாகும். ஒரு டெர்மினலில் நைஸ் 19 கொடுத்து ஓடும் கம்பைல், இன்னொரு டெர்மினலில் 0-வில் ஓடுவதோடு கிட்டத்தட்ட சரிபாதி பிரித்துக்கொள்ளும். திரையில் 19 என்று தெளிவாகத் தெரியும், ஆனால் பலன் ஏதும் தெரியாது! ப்ராசஸ் விவரங்கள் இருக்கும் ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸின் 'ஆட்டோகுரூப்' கோப்பைத் திறந்தால் குழுவுக்கென்று தனி நைஸ் எண் இருக்கும். மாற்ற வேண்டியது அதைத்தான். இதை 'டாப்' அதன் வழக்கமான திரையில் காட்டாதது எனக்கு இன்றும் எரிச்சல்.

முன்னால் இருப்பதை உயர்த்துவதைவிடப் பின்னால் இருப்பதைத் தாழ்த்துவதே எனக்குச் சரிப்பட்டது. தாழ்த்த ரூட் (நிர்வாகி) அனுமதியும் தேவையில்லை. சாதாரண ப்ராசஸ்களை முந்தும் ரியல்டைம் பக்கம் ஆடியோ வேலைக்குத் தவிர நான் போவதில்லை. அதில் ஒரு ப்ராசஸ் மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு நொடியிலும் 0.05 நொடியை மற்றவர்களுக்கு ஒதுக்கும் இயல்பான வரம்புதான் மிச்சம்.

விண்டோஸ் எண்ணை மறைத்து வார்த்தையைக் காட்டுகிறது. உள்ளே 0 முதல் 31 வரை நிலைகள். 'நார்மல்' என்பது 8, 'ஹை' 13, 'ரியல்டைம்' 24. டாஸ்க் மேனேஜரில் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அட்மின் உரிமை இல்லாமல் 'ரியல்டைம்' தேர்ந்தெடுத்தால் சத்தமில்லாமல் 'ஹை' ஆகிவிடும். புரோகிராமை மூடித் திறந்தால் நீங்கள் வைத்தது போய்விடும். ஆகவே அங்கே 'ஸ்டார்ட்' கட்டளையோடு 'பிலோநார்மல்' சேர்த்துத்தான் என்கோடரைத் தொடங்குகிறேன். அது கிளப்பும் துணை ப்ராசஸ்களும் பொதுவாக அதே தாழ்ந்த நிலையிலேயே பிறக்கும். 'ஹை'யில் தொடங்கினால் அப்படி இறங்கி வராது, பிள்ளைகள் 'நார்மல்' ஆகிவிடும்.

டிஸ்க்குக்கு நைஸ் எண் அவ்வளவாக உதவாது. லினக்ஸில் டிஸ்க் முன்னுரிமைக்கென்று 'ஐஓநைஸ்' கட்டளை உண்டு. என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) டிஸ்க்குகளில், கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஐஓ ஷெட்யூலர் 'நன்' (எதுவுமில்லை) என்று இருந்தால் அந்தக் கட்டளை பிழை காட்டாமல் முடியும், வேகத்தில் எதுவும் மாறாது. பேக்கப் ஓடும் டிஸ்க்கை மட்டும் அந்த முன்னுரிமையை மதிக்கும் 'பிஎஃப்க்யூ' ஷெட்யூலருக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.