2 ஸ்டார் போட்ட கிளினிக்குக்கு மறுபடி ஒரு ரிவ்யூ

போன ஆடி மாசம் இங்க "டாக்டர் 8 நிமிஷம் கூட பேசல, மாத்திர எழுதி அனுப்பிட்டார், 700 ரூபா தண்டம்"னு 2 ஸ்டார் போட்டது நான்தான். அத அழிச்சிட்டு இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு ஆரம்பிச்சது திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல. பஸ் கெளம்புற நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு, கை மரத்து, மூச்சு முட்டி, சரி இதோட கத முடிஞ்சதுன்னு நெனச்சேன். நேரா எமர்ஜென்சி. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்துட்டு இருதய டாக்டர் "ஹார்ட் நல்லா இருக்கு, ஒரு சைக்கியாட்ரிஸ்ட்ட பாருங்க"ன்னார். பெரியம்மா, மனசு சரியில்லாதவங்கள கூட்டிட்டுப் போற குணசீலம் கோயிலுக்கு போய்ட்டு வாங்கன்னாங்க, போனோம், கோயில்ல நல்லாத்தான் இருந்துச்சு, திரும்பி வர்ற பஸ்ல மறுபடி அதே படபடப்பு. அதுக்கப்புறம்தான் தில்லை நகர்ல இருக்குற இந்த கிளினிக்குக்கு வந்தேன்.

உள்ள ரெண்டு ரூம். ஒண்ணுல சைக்கியாட்ரிஸ்ட் சார், பக்கத்து ரூம்ல சைக்காலஜிஸ்ட் மேடம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு நெனப்பு, போர்டுல ரெண்டு பேருக்குமே டாக்டர்னு போட்டுருக்கு வேற. மேடம் வாங்குனது பிஎச்டி டாக்டர் பட்டம்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது.

சார் கேட்டதெல்லாம் தூக்கம் எப்படி, ஒரு நாளைக்கு எத்தன காபி, குடிப்பழக்கம் உண்டா, வீட்ல யாருக்காவது இப்படி இருந்துச்சா, தைராய்டு பாத்தாச்சா, சாகணும்னு எண்ணம் வருதா, வேற என்ன மாத்திர சாப்பிடுறீங்க. அவ்ளோதான். பிளட் டெஸ்ட் எழுதினார், பதட்டத்துக்கு தினமும் போடுற எஸ்சிட்டாலோப்ராம் மாத்திரய சின்ன டோஸ்ல ஆரம்பிச்சார், ரொம்ப முடியலன்னா மட்டும் போட்டுக்க குளோனசிபாம் ரெண்டு வாரத்துக்கு குடுத்தார். "எஸ்சிட்டாலோப்ராம் வேல செய்ய 2லேர்ந்து 4 வாரம் ஆகும், மொத வாரம் வயிறு ஒரு மாதிரி இருக்கும், நீங்களா நிறுத்தாதீங்க"ன்னு சொன்னார். நான் ஆறாவது நாளே அத நிறுத்திட்டு, மனசுல இருக்கறத கொட்டலாம்னு போனா இந்த மனுஷன் காது குடுத்து கேக்கவே இல்லையேங்கற கோவத்துல அந்த ரிவ்யூவ போட்டேன்.

இப்ப அசிங்கமான விஷயம் ஒண்ணு சொல்றேன். சீட்டுல கடைசி வரில அவர் கையெழுத்துல சிபிடின்னு எழுதிருந்துச்சு. நான் அதையும் மாத்திரன்னு நெனச்சு மெடிக்கல்ஸ்ல கேட்டேன், கடப்பையன் தேடிப் பாத்துட்டு "அது ஸ்டாக் இல்லண்ணே, நாளைக்கு வரும்"னுட்டான். அது பக்கத்து ரூம்ல இருக்கற மேடம் செய்ற பேச்சு சிகிச்ச. அவர் என்ன அங்க அனுப்பிருக்கார், நான் மருந்துக்கடைல வாங்கப் பாத்துருக்கேன்.

ஒரு மாசம் கழிச்சு வீட்டுக்காரி இழுத்துட்டு வந்தா. மேடம் ரூம்ல 50 நிமிஷம், எல்லாத்தையும் கொட்டினேன், கடைசில "அப்ப மாத்திரய மாத்தி எழுதிக் குடுங்க மேடம்"னேன். "நான் எழுத முடியாதுங்க, எழுதவும் கூடாது, நிறுத்துன மாத்திரய பத்தி சார்ட்ட போய் பேசுங்க"ன்னு சிரிச்சாங்க. அன்னிக்கிதான் விவரம் கேட்டேன். சார் படிச்சது எம்பிபிஎஸ், ஹவுஸ் சர்ஜனோட சேத்து அஞ்சர வருஷம், அதுக்கு மேல மனநலத்துல எம்டி 3 வருஷம். அதனாலதான் படபடப்புன்னு போனா தைராய்டு பாக்கத் தோணுது, மருந்து எழுத, அட்மிட் பண்ண, ஷாக் டிரீட்மெண்ட் வேணுமான்னு முடிவு பண்ண அவரால முடியும். மேடம் டிகிரி, பிஜி ரெண்டும் சைக்காலஜி, அப்புறம் ஆஸ்பத்திரிலயே வச்சு டிரெய்னிங் குடுக்குற ரெண்டு வருஷ எம்ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி. ஆர்சிஐங்கற மத்திய அரசு கவுன்சில்ல பதிவு பண்ணிருக்காங்க, அந்த நம்பர் சுவத்துலயே மாட்டிருக்கு. சைக்கியாட்ரிஸ்ட்டும் பேச்சு சிகிச்ச படிச்சிட்டுதான் வர்றாராம், ஆனா வெளிய 40 பேர் டோக்கனோட உக்காந்துருக்கறப்ப ஒருத்தருக்கு 50 நிமிஷம் எங்க போவார்.

இதுக்கு முன்னாடி ஒரு ஆப்ல கவுன்சிலர்னு ஒருத்தர்ட்ட 3 தடவ காசு கட்டி பேசிருந்தேன். பாசிட்டிவா இருங்க சார்னே சொல்லிட்டு இருந்தார், விசாரிச்சா ஏதோ ஆன்லைன் கோர்ஸ் சர்டிபிகேட்தான். கவுன்சிலர்னு போர்டு யாரு வேணா மாட்டலாம் போல, அதனால கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொன்னா ஆர்சிஐ நம்பர கூச்சப்படாம கேளுங்க, ஆர்சிஐ வெப்சைட்லயே போட்டுப் பாக்கலாம்.

மேடம் செஞ்சது நான் நெனச்ச ஆறுதல் பேச்சே இல்ல. நோட்டு வாங்கச் சொன்னாங்க, படபடப்பு வந்தப்ப மனசுல என்ன ஓடுச்சுன்னு எழுதணும். அப்புறம் ஸ்ட்ரா வழியா ஒரு நிமிஷம் மூச்சு விடச் சொன்னாங்க, சுத்துற சேர்ல உக்கார வச்சு சுத்துனாங்க, அதாவது எனக்கு எது பயமோ அத வேணும்னே வரவழைக்கிறாங்க! நெஞ்சு அடிக்கும், தல சுத்தும், கொஞ்ச நேரத்துல தானா அடங்கும், அத நானே பாக்கணுமாம். அடுத்த ஹோம்வொர்க் மலைக்கோட்ட படி. வேகமா ஏறணும், நடுவுல நாடி புடிச்சுப் பாக்கக் கூடாது. எனக்கு அத சொல்றதுக்கு முன்னாடி மேடம் சார்ட்ட போன்ல பேசி, அவர் ஈசிஜி ரிப்போர்ட்ட பாத்து சரின்னு சொன்ன பிறகுதான் அனுப்புனாங்க. இது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

மூணு தடவ ஏறியும் பயம் கொறையல. ஏன்னா நான் ஒவ்வொரு தடவயும் கீழயே ஒரு குளோனசிபாம் போட்டுட்டுதான் ஏறிருக்கேன், ரெண்டு வாரத்துக்குன்னு குடுத்தத பதுக்கி வச்சிருந்தேன். மேடம்ட்ட உளறிட்டேன். மாத்திரதான் காப்பாத்துச்சுன்னு மனசு நெனச்சுக்குமே தவிர பயம் தானா அடங்கும்னு கத்துக்காது, அதுவும் இல்லாம அது பழக்கமாயிடற மாத்திரன்னு சொல்லிட்டு, என்ன பக்கத்து ரூமுக்கு அனுப்பிட்டாங்க. சார் திட்டல. எத்தன நாளா போட்டேன்னு கணக்கு கேட்டுட்டு அத படிப்படியா கொறச்சு நிறுத்துனார், எஸ்சிட்டாலோப்ராம மறுபடி ஒழுங்கா ஆரம்பிச்சு வச்சார். அன்னிக்கும் 8 நிமிஷம்தான். ஆனா அந்த 8 நிமிஷத்துல மேடம் எழுதுன நோட்ட பாத்துட்டுதான் பேசினார்.

வெயிட்டிங் ஹால்ல ஒரு அம்மா பையன கூட்டிட்டு ரெண்டு நாள் வந்தாங்க, படிப்பு ஏறலன்னு. அவனுக்கு மாத்திரயே இல்ல, மேடம் மணிக்கணக்கா டெஸ்ட் எடுத்தாங்க, ஐக்யூ, எழுத்து, வாசிப்புன்னு. இதெல்லாம் சைக்காலஜிஸ்ட் வேல. அதே சமயம் என் ஃப்ரெண்டோட தம்பிக்கு காதுல குரல் கேக்குதுன்னு அதே ஆப்ல 5 மாசம் கவுன்சிலிங் ஓட்டுனாங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது. குரல் கேக்குது, நாள் கணக்கா தூங்காம அலையறாங்க, சாகணும்ங்கறாங்கன்னா யோசிக்காம முதல்ல சைக்கியாட்ரிஸ்ட்.

காசு விஷயம்: சாருக்கு 700, மேடத்துக்கு ஒரு தடவைக்கு 1200, எனக்கு 14 தடவ ஆச்சு. கஷ்டம்தான். 2017 மனநலச் சட்டம் இன்சூரன்ஸ்ல மத்த நோய் மாதிரியே இதையும் பாக்கணும்னு சொல்லுது, ஆனா என் பாலிசில அட்மிட் ஆனாத்தான் பைசா, இப்படி வந்து பாத்துட்டுப் போறதுக்கு கெடையாது. முடியாதவங்க நம்ம திருச்சி ஜிஹெச்லயே மனநலப் பிரிவு இருக்கு, அங்க போங்க. ராத்திரி நேரத்துல யார்ட்டயாவது பேசியே ஆகணும்னா டெலி மானஸ்ங்கற அரசு மனநல ஹெல்ப்லைன் 14416, ஃப்ரீ, தமிழ்லயே பேசுவாங்க.

கொறன்னா, ரிசப்ஷன்ல இது டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட், இது தெரபி அப்பாயிண்ட்மெண்ட்னு பிரிச்சு சொல்ல ஆளே இல்ல, நான் பட்ட கொழப்பத்துல பாதி அதனாலதான். சீட்டுலயும் சிபிடிக்கு பக்கத்துல "அடுத்த ரூம்"னு தமிழ்ல எழுதுனா என்ன கொறஞ்சு போயிடும். வண்டி நிறுத்த எடம் கெடையாது. 4 ஸ்டார். சனிக்கிழம சாயங்காலம் மட்டும் வராதீங்க, டோக்கன் போட்டுட்டு டீ குடிச்சு, நடந்து மலைக்கோட்ட வரைக்கும் போய் ஏறி எறங்கி வந்தாலும் உங்க நம்பர் வந்துருக்காது, நான் பண்ணிப் பாத்துட்டேன், மாத்திர போடாம.