பினாங்குத் தைப்பூசத்துக்கு எங்கே தங்குவது: கடற்கரை ஐந்து நட்சத்திரமா, கடைவீட்டு விடுதியா?

எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யார் பினாங்குத் தைப்பூசத்துக்குக் கிளம்பினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள்: "அதே ஹோட்டல்தானே?" 2011 முதல் 2024 வரை, கோவிட் வருடங்கள் நீங்கலாக, பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் ஒரே ஐந்து நட்சத்திர விடுதியில்தான் தங்கினோம். தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவனுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன். 2025-இல் மாறிவிட்டோம். இப்போது போவது ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டி, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பித்து எட்டே அறைகள் போட்டிருக்கும் சின்ன விடுதிக்கு.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நீச்சல் குளம், கடல், கார் நிறுத்த இடம், லிஃப்ட் நான்கும் பெரிய விடுதியில் உண்டு. சின்னதில் ஒன்றுகூட இல்லை. விலையில் சின்னது பாதிக்கும் குறைவு. பெரியதில் கடைசியாகத் தங்கியபோது ஓர் இரவுக்கு 620 வெள்ளி (ரிங்கிட்), சின்னதில் 280.

போக்குவரத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தைப்பூசத்தன்று பத்து ஃபெரிங்கியிலிருந்து தஞ்சோங் பூங்கா வழியாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வர நினைத்தால், பால்குடம் எடுப்பவரின் பொறுமை காரிலேயே தீர்ந்துவிடும். கடைவீட்டு விடுதிக்குக் காரே வேண்டாம். எங்கள் ஊர் ஸ்டேஷனில் இடிஎஸ் ரயில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. 2021-லிருந்து ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை, 2023-இல் புதிய படகுகள் வந்தன. ஆள் மட்டும் போவதானால் இதைவிடச் சுகமான வழி இல்லை. இறங்கி நடந்தால் குவீன் ஸ்த்ரீட் மகாமாரியம்மன் கோயில் பக்கம்தான். 1833-இல் எழுந்த கோயில், தங்க ரதம் புறப்படுவதும் இங்கிருந்துதான். செட்டியார்களின் வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடும் கிட்டத்திலேயே இருக்கிறது. அம்மாவுக்கு 78 வயது. ரதத்தைப் பார்த்துவிட்டுக் கால் வலித்தால் ஐந்து நிமிடத்தில் கட்டிலில் படுத்துவிடலாம்.

ஆனால் இதற்காகவெல்லாம் நாங்கள் மாறவில்லை. இடைஞ்சல் முன்பும் இருந்தது, விலையும் எப்போதும் அதிகம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தோம், அங்கே வேலை செய்த ஆட்களுக்காக.

காலையில் பசியாறும் இடத்தில் ஒரு கேப்டன், அதாவது பரிமாறுபவர்களின் தலைவர், இருந்தார், பினாங்குத் தமிழர், தலை நரைத்தவர். முதல் வருடம் அம்மா விரதம் என்று சொன்னோம். அடுத்த வருடம் நாங்கள் வாய் திறக்கும் முன்பே, "அம்மாவுக்குத் தனிச் சட்டி, முட்டை படாம, சொல்லி வச்சுட்டேன்" என்றார். அறை சுத்தம் செய்ய வரும் மலாய்க்கார அக்கா, என் மகள் உயரமாகிவிட்டதைக் கவனித்துச் சொல்வார். 2020-க்குப் பிறகு திரும்பிப் போனபோது இருவரும் இல்லை. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில் எத்தனையோ விடுதிகள் மூடின, ஆட்களை அனுப்பின. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் வந்தவர்களும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் புது முகம்.

2024 தைப்பூசத்தில் நடந்தது இது. மூன்று மணிக்குத் தர வேண்டிய அறை ஐந்தே காலுக்குக் கிடைத்தது. ஏர்கோன் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் வேறு வேறு குரல், மூன்று தடவையும் முதலிலிருந்து கதை சொன்னேன். கடைசியில் ஒரு பையன் வந்தான். பணிவான பிள்ளை. சொட்டும் இடத்தில் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனான். காலையில் அம்மாவின் விரதத்தைச் சொன்னதும், "சாலட் இருக்கு" என்றார்கள். புகார் எழுதினோம், அடுத்த முறை தங்கினால் விலைக் கழிவு தருவதாக ஒரு வவுச்சர் வந்தது.

அம்மா இருபது வருடம் தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை செய்தவர். இப்படிப்பட்ட இடத்துக்குள் நுழைந்தால் முதலில் மெத்தை விரிப்பின் மூலையைத்தான் தூக்கிப் பார்ப்பார். அன்று இரவு சொட்டுச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தவர் சொன்னார்: "நான் இருந்தப்போ நாலு துரை மாறினாங்கய்யா. நான் மாறல. போர்வை எங்க இருக்குன்னு துரைக்கா தெரியும்?"

விடுதியில் நடந்தது நேர்மாறு. பெயர்ப் பலகையும் கட்டடமும் அப்படியே இருக்கின்றன, போர்வை இருக்கும் இடம் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். எங்கள் ஊர்த் தோட்டங்களிலும் இதையேதான் பார்த்தோம். நிரந்தர ஆட்கள் போய்க் குத்தகைக்காரரின் ஆட்கள் வந்தார்கள். செம்பனைக் குலை வெட்டுவது நிற்கவில்லை, ஆனால் எந்த வாய்க்கால் எப்போது அடைக்கும் என்று சொல்ல ஆளில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வேறொரு பெரிய விடுதியில் ஏஜென்சி மூலம் அறை சுத்தம் செய்கிறாள். ஒரு அறைக்கு இத்தனை நிமிடம் என்று கணக்காம். "அங்கிள், கட்டிலுக்கு அடியில குனியவே நேரம் இருக்காது" என்றாள். சேவைக் கட்டணத்தில் பங்கு வருமா என்று கேட்டேன். சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. இரண்டு இரவுக்கு 1,240 வெள்ளி அறை வாடகை, அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 124 வெள்ளி. அரசாங்கத்தின் சேவை வரி வேறு. அது 2024 மார்ச்சில் 6-இலிருந்து 8 விழுக்காடாகிவிட்டது. வரி அரசாங்கத்துக்கு, சரி. சேவைக் கட்டணம் வேலை செய்பவருக்கு என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் முகம் சுளிக்காமல் கட்டினேன். அந்தப் பணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. ஆனால் விடுதியின் சம்பளப் பட்டியலிலேயே இல்லாத ஏஜென்சிப் பெண்ணுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன ஆகிவிடப் போகிறது?

கடைவீட்டு விடுதியில் சேவைக் கட்டணமே கிடையாது. நடத்துவது ஒரு சீனத் தம்பதி. சுத்தம் செய்வது நிபோங் தெபாலிலிருந்து வந்த ஒரு தமிழ் அக்கா, ஒன்பது வருடமாக அங்கேயே இருக்கிறார். முதல் முறை இரவு பத்து மணிக்குச் சுடுநீர் வரவில்லை. முதலாளியே டார்ச்சோடு வந்து பார்த்தார், முடியவில்லை என்றதும் காலியாக இருந்த அடுத்த அறையைத் திறந்து, எங்கள் பைகளைத் தானே தூக்கி வைத்தார். கிளம்பும்போது நாங்கள் கேட்காமலே 40 வெள்ளி குறைத்திருந்தார். இரண்டாம் முறை போனபோது அந்த அக்கா அம்மாவைப் பார்த்து, "முட்டி எப்படிம்மா இருக்கு? கீழ் அறையே எடுத்து வச்சிருக்கேன்" என்றார். முதல் முறை மேலே ஏற அம்மா பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மாடிப்படி செங்குத்து, கீழே ஓர் அறைதான் உண்டு, அது கிடைக்காவிட்டால் வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். சுவர் மெல்லியது; பக்கத்து அறைக்காரரின் இருமல் நமக்கும் சொந்தம். பசியாற ரொட்டி, காயா ஜாம், கோப்பி அவ்வளவே. தெருவில் இறங்கினால் தோசை இருக்கிறது என்பதால் எனக்கு இது குறையில்லை. சின்னப் பிள்ளைகளோடு போவதானால் நானே கடற்கரையைத்தான் சொல்வேன், மழை நாளில் அந்த அறைக்குள் பிள்ளைகளை அடைத்து வைக்க முடியாது. அப்புறம், இங்கே நான் தங்கியது இரண்டே முறை. கடற்கரை விடுதியும் முதல் பத்து வருடம் நன்றாகத்தான் இருந்தது.

 

அடுத்த தைப்பூசத்துக்கு அறை சொல்லப் போன வாரம் ஃபோன் செய்தேன். தேதியைச் சொல்லும் முன்பே பக்கத்திலிருந்து அம்மா, "அந்தப் பொண்ணு இன்னும் இருக்கான்னு மொதல்ல கேளு" என்றார். கேட்டேன். இருக்கிறார். கீழ் அறையைச் சொல்லிவிட்டேன். வவுச்சர் மேசை டிராயரில் கிடக்கிறது, வேண்டியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.