சேலம் ஜியாலஜி ப்ராஜெக்ட்: கூகுள் எர்த் ப்ரோவா, கியூஜிஐஎஸ்ஸா?

பி.எஸ்சி. ஜியாலஜி கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்குக் கஞ்சமலையையோ சேர்வராயன் மலையையோ எடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது கூகுள் எர்த் ப்ரோவைத்தான். 2015 முதல் அது இலவசம். வரைபடத் தரவை அலசும் மென்பொருளான கியூஜிஐஎஸ் தொடக்கத்திலிருந்தே இலவசம், திறமூலமும்கூட. ஆக, விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. என் ஓட்டு கியூஜிஐஎஸ்ஸுக்கு.

எர்த் ப்ரோவைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. சேலத்துச் சாக் ஹில்ஸில் மேக்னசைட் தாது வெட்டிய குழிகள் ஆண்டுக்கு ஆண்டு விரிந்ததைப் பழைய படங்களைத் தள்ளிப் பார்த்தாலே தெரியும். (வெள்ளையாகத் தெரிவதெல்லாம் தாது அல்ல, கழிவு மேடும் அப்படித்தான் இருக்கும். நேரில் போய்ப் பார்க்காமல் எல்லை போடாதீர்கள்.) ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே கோடாக வரைந்து வலது க்ளிக் செய்தால் உயர வரைபடம் வந்துவிடும். ஆனால் சரிவு வரைபடம், சம உயரக் கோடு என்று கேட்டால் கையை விரித்துவிடும்.

அதற்குக் கியூஜிஐஎஸ்தான். யுஎஸ்ஜிஎஸ்ஸின் (அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்) எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் பதிவு செய்து எஸ்ஆர்டிஎம் என்ற விண்வெளி ரேடார் அளவீட்டின் 30 மீட்டர் உயரத் தரவில் 'என்11இ078' என்ற துண்டை இறக்குங்கள். ஏற்காடு, கஞ்சமலை இரண்டும் அதற்குள் அடங்கும். பாறை எல்லைகளுக்கு ஜிஎஸ்ஐயின் (இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்) பூகோஷ் தளம் இருக்கிறது.

பலர் சறுக்குவது அடுத்த படியில். இறக்கிய கோப்பில் தீர்க்கரேகையும் அட்சரேகையும் டிகிரியில், உயரம் மீட்டரில். அப்படியே சரிவைக் கணக்கிடும் 'ஸ்லோப்' கொடுத்தால், பல பதிப்புகளில் மலையும் சமவெளியும் ஒன்றுபோல 90 டிகிரியை ஒட்டி நிற்கும். முதலில் ராஸ்டர், ப்ரொஜெக்‌ஷன்ஸ், வார்ப் என்று மெனுவில் போய் இபிஎஸ்ஜி 32644-க்கு (மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44-ம் மண்டலத்தின் குறியீட்டு எண்) மாற்றுங்கள். ரீசாம்ப்ளிங் (பிக்சல்களை மறுகணக்கிடும் முறை) 'பைலீனியர்', பிக்சல் அளவு 30. 'நியரஸ்ட் நெய்பர்' என்றே விட்டுவிட்டால் மலை நிழல் படத்தில் (ஹில்ஷேட்) கோடு கோடாக விழும். பிறகு ஸ்லோப், கான்டூர் (சம உயரக் கோடு) இடைவெளி 20 மீட்டர் போதும்.

இன்னொரு வம்பு நம் மாவட்டத்துக்கே உரியது. உலகை 6 டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் மண்டலங்கள் 43-ம் 44-ம் பிரியும் 78 டிகிரி தீர்க்கரேகை சேலம் மாவட்டத்தை அறுத்துக்கொண்டு போகிறது. ஓமலூர், சேலம், ஏற்காடு 44-ல்; மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி 43-ல். ஜிபிஎஸ்ஸில் மேட்டூரின் ஈஸ்டிங் (மீட்டரில் கிழக்குத் தூர எண்) 8 லட்சத்தைத் தாண்டும், ஓமலூரில் 2 லட்சத்தைத் தொடாது. மண்டலம் எழுதாமல் இரண்டையும் ஒரே எக்செல்லில் அடித்து 44 என்று ஏற்றினால் மேட்டூர் அணை வங்காள விரிகுடாவில் போய் நிற்கும். ஜிபிஎஸ்ஸிலேயே டிகிரி தசமத்தில் குறித்துக்கொள்வது பாதுகாப்பு.

பென்டிரைவில் கொண்டுபோகும்போது ஷேப்ஃபைலின் டாட் எஸ்எச்பி கோப்பை மட்டும் நகலெடுத்தால் லேப் கணினியில் திறக்காது. எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே எல்லாம் கூடவே போக வேண்டும். ப்ராஜெக்ட் கோப்பில் தரவு இருக்காது, எங்கே கிடக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். எல்லாவற்றையும் ஜியோபேக்கேஜ் என்ற ஒற்றைக் கோப்பாகச் சேமித்து ஒரே ஃபோல்டரில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, பட்டியலில் ஊர்ப்பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம்.

இது எல்லாம் விண்டோஸ் கணக்கு, மேக் பற்றி நான் பேசவில்லை. 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் கியூஜிஐஎஸ் திணறத்தான் செய்யும். துண்டு முழுவதையும் ஏற்றாமல் உங்கள் பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். நிறுவும் கோப்பே ஒரு ஜிபிக்கு மேல், எனவே மலைக்குக் கிளம்புமுன் கீழேயே இறக்கிவிடுங்கள். குழி எல்லையை எர்த் ப்ரோவில் வரைந்திருந்தால் வீணில்லை. கேஎம்எல்லாகச் சேமித்துக் கியூஜிஐஎஸ் ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டால் போதும்.