வளைந்துகொடுப்பது எப்படி? ஜூடோ, அய்கிடோ, தாய்ச்சி, விபஸ்ஸனா: ஓர் ஒப்பீடு

தற்காப்புக் கலையின் கோட்பாடுகளை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பது பற்றிப் பேசத் தொடங்கும் எவரும், "வலிமையை வலிமையால் எதிர்க்காதே, வளைந்துகொடு" என்ற அறிவுரைக்கு விரைவில் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். ஜப்பானின் ஜூடோ, அய்கிடோ, சீனாவின் தாய்ச்சி என்னும் தற்காப்புக் கலைகள் மூன்றும் அதைத்தான் சொல்கின்றன; சண்டையோடு தொடர்பே இல்லாத விபஸ்ஸனா தியானமும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. அதனால் நான்கும் ஒன்றே என்று எண்ணி, வீட்டுக்கு அருகில் எது இருக்கிறதோ அதில் சேர்ந்துவிடுபவர்கள் உண்டு. ஆனால் வளைவது என்றால் என்ன, வளைந்த பின் என்ன செய்வது, உண்மையிலேயே வளைந்தோமா என்பதை எது சோதிக்கிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் இந்நான்கும் தரும் விடைகள் வெவ்வேறானவை. மூன்றாவது கேள்வியை வைத்தே தேர்வு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. சினம் ஆறவேண்டியது என்று ஐந்து வயதிலேயே ஒப்பித்த நாம், ஐம்பது வயதிலும் போக்குவரத்து நெரிசலில் கத்திக்கொண்டிருக்கிறோம் அல்லவா?

ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ தொழிலால் ஆசிரியர். 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் புத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு கூடத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு அவர் கொடோகான் பள்ளியைத் தொடங்கினார். வளைவதை அவர் ஒரு கணக்காகவே விளக்கினார். எதிராளியின் வலிமை பத்து, என் வலிமை ஏழு என்று வைத்துக்கொண்டால், அவர் தள்ளும்போது நான் எதிர்த்து நின்றால் தோற்பேன். மாறாக, அவர் தள்ளும் அளவுக்கே நான் பின்வாங்கினால் அவர் நிலைகுலைந்து, அவருடைய பத்து மூன்றாகச் சுருங்கிவிடும். நிலை குலையாத நான் என் ஏழில் பாதியைக் கொண்டே அவரை வீழ்த்திவிடலாம். இங்கே வளைவது பணிவு அன்று. அடுத்த செயலுக்கான தயாரிப்பு.

கானோ அதோடு நின்றுவிடவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின்னாலிருந்து ஒருவர் இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டால் எந்தப் பக்கம் வளைவது? வளைதல் எல்லாச் சூழலுக்கும் பொருந்தாது என்பதைக் கண்ட அவர், உடல், உள்ள ஆற்றலைத் தக்க முறையில் முழுமையாகப் பயன்படுத்துவது என்ற விரிந்த கோட்பாட்டையும், தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுவது என்ற இன்னொன்றையும் முன்வைத்தார். அலுவலகத்தில் நியாயமற்ற வேலைச்சுமையை ஏற்றுக்கொண்டே போகும் ஒருவருக்கு "வளைந்துகொடு" என்பது கொடுமையான அறிவுரை. "உன் ஆற்றல் எங்கே வீணாகிறது என்று பார்" என்பதோ அவருக்கும் பயன்படும்.

ஜூடோவின் உண்மையான ஆசிரியர் அந்தப் பாய்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. சேர்ந்தவுடன் கற்பிக்கப்படுவது எறிவது அன்று, விழுவது. மோவாயை மார்போடு ஒட்டி, கையால் பாயை ஓங்கி அறைந்து, விழுகையின் அதிர்ச்சியைப் பரவச் செய்யும் 'உகெமி' பயிற்சி நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. அதன் பின் 'ரன்டோரி' என்னும் கட்டற்ற பயிற்சியில் எதிரில் நிற்பவர் ஒத்துழைக்கமாட்டார். நம் உத்தி பிழையானால் அந்த நொடியிலேயே முதுகு தரையில் இருக்கும். கழுத்து நெரிபடும்போது எதிராளியை இரண்டு முறை தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதும், அடுத்த நிமிடமே அவரை வணங்கி மீண்டும் தொடங்குவதும் ஒரு மாலைக்குள் பலமுறை நிகழ்கின்றன. தோற்பதை அவமானமாகக் கருதாமல் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை இவ்வளவு மலிவாகத் தரும் வேறொரு பயிற்சியை நான் அறியேன்.

இதற்கு நேர் எதிரில் அய்கிடோ நிற்கிறது. மொரிஹெய் உஎஷிபா (1883–1969) வகுத்த இக்கலையில் வளைவது என்பது தாக்குபவரின் இயக்கத்தோடு இணைந்து, அவரை முடிந்தவரை காயப்படுத்தாமல் திசைதிருப்புவது. கோட்பாட்டளவில் அன்றாட வாழ்வுக்கு மிக நெருக்கமானது இதுவே: குடும்பத்திலோ அலுவலகத்திலோ நமக்கு எதிராளிகள் கிடையாது, கோபத்தில் இருக்கும் உறவினர்களும் சக ஊழியர்களும்தான் இருக்கிறார்கள். கத்திக்கொண்டு வருபவருக்கு எதிரே நிற்காமல், அவர் பக்கத்தில் போய் நின்று அவர் பார்க்கும் திசையைப் பார்ப்பது என்ற 'தென்கன்' என்னும் சுழற்சி, உரையாடலுக்கு அப்படியே பொருந்தும் உருவகம்.

சிக்கல் சோதனையில் இருக்கிறது. அய்கிடோவின் முதன்மை மரபில் போட்டி கிடையாது. தாக்குபவர் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட முறையில் தாக்கி, எறியப்படும்போது உடன்பட்டு விழுகிறார். அது நுண்ணுணர்வை வளர்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதிர்ப்பே காட்டாத துணைவரோடு பத்தாண்டுகள் பழகிய ஒருவர், தம் அமைதி உண்மையானதா, அல்லது யாரும் அதைக் கலைக்க முயலாததால் நிலைப்பதா என்று அறிவது கடினம். கானோ 1930இல் உஎஷிபாவின் செயல்விளக்கத்தைக் கண்டு வியந்து தம் மாணவர்களை அவரிடம் அனுப்பினார்; இருவரிடமும் கற்ற கென்ஜி தொமிகி பின்னாளில் அய்கிடோவுக்குள் போட்டியைக் கொண்டுவந்து, பலருடைய எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டார். தொமிகியின் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

தாய்ச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை சுருக்கி அமைத்த இருபத்து நான்கு அசைவு வடிவமே உலகெங்கும் பூங்காக்களில் செய்யப்படுவது. ஒரு சுற்று ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இங்கே சோதிப்பது புவியீர்ப்பு. மெதுவாக எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும்போது ஏமாற்ற இடமே இல்லை. நடுக்குவாத நோயாளிகள் 195 பேரிடம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை இருபத்து நான்கு வாரங்கள் தாய்ச்சி செய்தவர்களின் உடல்சமநிலை மேம்பட்டது. தசை நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்கள் குறைவாகவே விழுந்தார்கள். அறுபதைக் கடந்தவர்களுக்குக் குளியலறையில் வழுக்கி விழாமல் இருப்பதைவிடப் பெரிய 'அன்றாடப் பயன்பாடு' வேறென்ன?

விபஸ்ஸனாவில் தள்ளுபவர் வெளியே இல்லை. மியன்மாரின் மாண்டலேயில் பிறந்து, தியான ஆசிரியர் ஊ பா கின்னிடம் பயின்று, 1969இல் இந்தியாவுக்கு வந்த ச. நா. கோயங்கா பரப்பிய பத்து நாள் முகாம் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறது. பேச்சு, கைப்பேசி, வாசிப்பு எதுவும் கிடையாது. உடற்பயிற்சி என்றால் நடப்பது மட்டுமே. முதல் மூன்று நாட்கள் மூச்சைக் கவனிப்பது. நான்காம் நாளிலிருந்து உடலெங்கும் எழும் உணர்வுகளைக் கவனிப்பது. அதன் பின் நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கண்ணைத் திறக்காமல், கையையும் காலையும் அசைக்காமல் அமர முயல்வது. முழங்கால் எரிகிறது, எழவேண்டும் என்ற உந்துதல் வருகிறது, எதிர்க்காமலும் பணியாமலும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தானே மாறுகிறது. வளைந்த பின் என்ன செய்வது என்ற கேள்விக்கு இங்கே விடை, எதுவும் செய்யாதே என்பது. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்திலும் இதற்கான மையம் உள்ளது. உணவுக்கும் தங்குவதற்கும் கட்டணமில்லை, முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது.

உடலே எதிர்ப்புக் காட்டுகிறது என்பதால் இந்தச் சோதனை கடுமையானதே. ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். கடும் மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு இத்தகைய தீவிர முகாம் தீங்காக முடியலாம். அதனால்தான் சேரும்போதே அதைக் கேட்கிறார்கள். அடுத்தது, இதன் பின் நாள்தோறும் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் அமரவேண்டும் என்பது. சமையலும் பிள்ளைகளின் பள்ளியும் அலுவலகமும் உள்ள வீட்டில் அந்த இரண்டு மணி நேரத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அமர்பவர் கொடுப்பதில்லை.

ஜூடோ, விபஸ்ஸனா என்னும் இரு துருவங்களுக்கும் பாலம் போட்டவர் பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானின் ஜென் புத்தத் துறவி தாகுவான். வாள்வீரர் யக்யூ முனெனோரிக்கு அவர் எழுதிய கடிதத்தில், எதிராளியின் வாளில் மனம் நின்றுவிட்டால் நீ அந்த வாளால் பிடிக்கப்பட்டுவிட்டாய் என்கிறார். ஆயிரம் கைகள் கொண்ட கன்னோன் என்னும் கருணைப் போதிசத்துவர், ஒரு கையில் மனத்தை நிறுத்தினால் மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கைகளும் பயனற்றுப்போகும் என்றும் சொல்கிறார். காலைக் கூட்டத்தில் மேலாளர் சொன்ன ஒரு கடுஞ்சொல்லில் மனம் நின்றுவிட்டவருக்கு மாலை வரை எந்த வேலையும் ஓடாததற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் கிடையாது. அந்த மனத்தை மீண்டும் ஓடவிடுவதற்கு விபஸ்ஸனா நேரடியாகப் பழக்குகிறது; ஜூடோ சுற்றுவழியில் பழக்குகிறது, விழுந்த எறிவையே நினைத்துக்கொண்டிருப்பவர் அடுத்த எறிவிலும் விழுவார் என்பதால்.

ஆகவே மோதலைக் கண்டாலே ஒதுங்கிப்போகும் இயல்புடையவர் தியானத்தையும் அய்கிடோவையும் நாடுவது, ஏற்கெனவே உள்ள பழக்கத்துக்கு ஒரு நல்ல பெயர் சூட்டுவதாக முடியக்கூடும். அவருக்கு நான் ஜூடோவையே சொல்வேன், முழங்காலும் தோளும் ஒத்துழைக்கும் வயதாக இருந்தால். உடனுக்குடன் பதிலடி கொடுத்துவிட்டு இரவெல்லாம் வருந்துபவருக்கு விபஸ்ஸனா பொருந்தும். பத்து நாள் விடுப்பு கிடைக்காதவர், வீட்டில் பதினைந்து நிமிடம் அசையாமல் அமர்ந்து, மூக்கு அரிக்கும்போது கையைத் தூக்காமல் இருக்க முடிகிறதா என்று முதலில் பார்க்கலாம்.