மாரோவிண்டா, ஸ்கைரிமா? வழி கேட்டுப் போவதில்தான் எனக்கு விடை கிடைத்தது

ஒரு பெரிய ஆர்பிஜியை, அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேமை, முதலிலிருந்து ஆட நேரம் கிடைத்தது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் 2002-ல் வந்த மாரோவிண்டா, 2011-ல் வந்த ஸ்கைரிமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு மாரோவிண்டை எடுத்தேன். கிராஃபிக்ஸிலும் சண்டையிலும் ஸ்கைரிம்தான் மேல், அதில் பேச ஒன்றுமில்லை. மாரோவிண்டில் வாள் எதிரி மேல் படுவது கண்ணுக்குத் தெரிந்தாலும் உள்ளே பகடை மாதிரி உருளும் கணக்கு 'படவில்லை' என்று சொல்லிவிடும். முதல் சில மணி நேரம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்த உலகத்துக்குள்ளேயே இருக்கிறோம் என்ற உணர்வு எங்கே வருகிறது? எனக்கு, போக வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கும் விதத்தில். ஸ்கைரிமில் திரையின் மேலே திசைகாட்டி, அதில் போக வேண்டிய இடத்தைக் காட்டும் ஒரு மார்க்கர். கண் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது, மலையும் பனியும் ஓரத்தில் ஓடிவிடுகின்றன. மாரோவிண்டில் ஆட்கள்தான் வழி சொல்கிறார்கள், அது நாட்குறிப்பில் ஏறும், அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே பால்மோரா என்ற ஊரில் ஹாஸ்ஃபாட் என்பவர் ஆர்க்ங்தாண்ட் இடிபாட்டிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்து வரச் சொல்வார். மூன்மாத் கோட்டையைத் தாண்டி, டுவெமர் என்ற பழைய இனத்தார் கட்டிய பாலத்தைத் தேடிப் பிடித்து, பள்ளத்தாக்கைக் கடந்து போனால் கதவு திறக்காது. பக்கத்துக் குழாயில் இருக்கும் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். உள்ளே பெட்டியோ சின்னது, அதன் பக்கத்திலேயே இரண்டு தடவை நடந்து போயிருக்கிறேன். கடைசியில் கையில் எடுத்தபோது, அந்தப் பாலமும் பள்ளத்தாக்கும் நான் பழகிய இடங்களாகிவிட்டிருந்தன.

மார்க்கரை அணைத்துவிட்டு ஸ்கைரிமை ஆடலாமே என்பார்கள். செய்து பார்த்தேன். பல க்வெஸ்ட்களில், அதாவது நமக்குக் கொடுக்கும் வேலைகளில், இடத்தின் பெயரைச் சொல்வார்களே தவிர எந்தப் பாதை, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. மார்க்கர் இருக்கும் என்று நம்பித்தான் பேச்சையே எழுதியிருக்கிறார்கள், அதை எடுத்துவிட்டால் நம் கையில் ஒன்றும் மிஞ்சாது. நாட்குறிப்பில் வழியைச் சேர்க்கும் மாட்கள் (ஆட்டக்காரர்கள் செய்து தரும் மாற்றங்கள்) இருக்கின்றன. ஒன்றைச் சில மணி நேரம்தான் ஆடினேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

அப்புறம் மாரோவிண்டின் டெல்வானி குலத்து மந்திரவாதிகள். காளான் கோபுரத்தில் வாழ்கிறார்கள், மேலே போகப் படிக்கட்டே கிடையாது. பறக்கும் மந்திரம் இருந்தால் வா, இல்லாவிட்டால் கீழேயே நில். அவர்களுடைய திமிரைக் கட்டடமே சொல்லிவிடுகிறது. ஸ்கைரிமில் அந்த மந்திரமே இல்லை.

மனிதர்கள் விஷயத்தில் மட்டும் ஸ்கைரிமை விட்டுக்கொடுக்க மாட்டேன். கொல்லர் பகலில் பட்டறையில் நிற்பார், ராத்திரி கடையைச் சாத்திவிட்டுப் போவார். மாரோவிண்டில் கடைக்காரர் நடுராத்திரியிலும் நின்ற இடத்திலேயே நிற்பார், அது இன்னும் உறுத்துகிறது.

தினம் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் ஸ்கைரிமையே எடுங்கள், பாதி வழியில் நிறுத்திவிட்டு வந்தாலும் தொலைந்துபோக மாட்டீர்கள். நான் இப்போது பால்மோராவிலிருந்து பெலாகியாட் ஊர் வழியாக விவெக் நகரத்துக்கு மேப்பைத் திறக்காமலே நடந்து போகிறேன்.