மூலிகைக் கேப்சூல் வாங்கி 4,800 ரூபாய் போச்சு, யாரும் ஏமாறாதீங்க

குன்னூரிலிருந்து ஊட்டி போகிற வழியில் தைலம், தேன், மூலிகை விற்கிற ஒரு கடை. பெயர் வேண்டாம். சிறுகுறிஞ்சான் கேப்சூல் மூன்று டப்பா, 4,800 ரூபாய். அத்தனையும் வீண்.

யூகலிப்டஸ் தைலம் வாங்கத்தான் இறங்கினோம். அம்மாவுக்குச் சர்க்கரை என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். ஒரு பச்சை இலையைக் கொடுத்து எங்களை மெல்லச் சொன்னார். ஒரே கசப்பு. துப்பியதும் உள்ளங்கையில் சீனி வைத்தார். மணலைத் தின்ற மாதிரி இருந்தது, துளி இனிப்பில்லை! இலையில் பொய்யில்லை. சிறுகுறிஞ்சானில் உள்ள ஜிம்னமிக் அமிலம் கொஞ்ச நேரம் நாக்குக்கு இனிப்பு தெரியாமல் செய்துவிடும். "இதே இலைதாம்மா கேப்சூல்ல இருக்கு. மூணு மாசத்துல டாக்டர் மாத்திரையே வேண்டாம்" என்றார். வாயிலேயே நிரூபித்துக் காட்டிய பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? 4,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

சர்க்கரை இறங்கவே இல்லை. கேப்சூலைப் பிரித்து, தூளை நாக்கில் நன்றாகத் தடவி, சீனி போட்டுப் பார்த்தேன். தித்திப்பு அப்படியே இருந்தது. டப்பாவில் இலைப்பொடியா, சாறா, எத்தனை மில்லிகிராம் என்று ஒரு வரிகூட இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) தரும் உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும், இதில் 11தான்.

போன் செய்தால், "பொடியாக்கினா நாக்குல தெரியாது சார், உள்ள போய்த்தான் வேலை செய்யும்." சுத்தப் புருடா. அப்புறம் "கம்பெனிக்காரங்களைக் கேளுங்க." எந்தக் கம்பெனி? நேரில் போனேன். "பிரிச்ச டப்பாவை எப்படி சார் திரும்ப எடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு, அடுத்த டூரிஸ்ட் வேனுக்கு அதே இலையை நீட்டப் போய்விட்டார். இப்போது என் நம்பரையும் பிளாக் செய்தாயிற்று. 4,800 ரூபாய்!

வாங்குகிறவர்கள் பில் கேளுங்கள். உரிம எண்ணில் 14 இலக்கம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். சர்க்கரையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே, மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். டாக்டர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்; நிஜச் சிறுகுறிஞ்சானாகவே இருந்தாலும் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் டப்பாக்களோடு உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கக் கிளம்புகிறேன்.