ரான்ஸ் பொம்மரி நிலவறை: 116 படி இறங்கினால் போத்தலின் விலை விளங்கும்

பாரிஸுக்கு வருகிற உறவினர்கள் ஈஃபிலையும் லூர்தையும் முடித்துவிட்டு, "வேறென்ன இருக்கு?" என்று கேட்பார்கள். நான் ரான்ஸ் நகரம் என்பேன். கார் து லெஸ்ட் நிலையத்தில் காலையில் தெஜெவே என்ற அதிவேக ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அங்கே பொம்மரி ஷாம்பெயின் நிறுவனத்தின் நிலவறைகளைச் சுற்றிப் பார்க்கலாம். குடிக்கிற ஆக்கள், குடிக்காத ஆக்கள் இரண்டு பேருக்குமே அது காசு கொடுத்துப் பார்க்கத்தக்க இடம்.

பாரிஸில் ஒரு ரெஸ்டோரண்டில் பரிமாறுகிற வேலை எனக்கு. வெள்ளி, சனி இரவுகளில் ஷாம்பெயின் போத்தல் திறந்து திறந்து கட்டைவிரல் காய்த்துப் போயிருக்கிறது. இந்த முறை கூட வந்தவர் டொரண்டோவிலிருந்து வந்த மச்சான். ரயிலில் ஏறின உடனேயே தொடங்கிவிட்டார். "இது சோடா மாதிரித்தானே, வைனுக்குள்ள காஸ் அடிச்சா முடிஞ்சுது. அதுக்கு ஏன் 40 யூரோ?" நல்ல கேள்விதான். அதற்குப் பதில் கீழே, 30 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன்.

பொம்மரி நகரத்தின் தெற்குப் பக்கம், சான் நிக்கேஸ் மேட்டில் இருக்கிறது. ஸ்டேஷனில் இருந்து நடந்தால் கொஞ்சம் தூரம், பஸ் உண்டு. வாசலுக்கு வந்தால் பிரான்சில் நிற்கிறோமா என்று சந்தேகம் வரும். ஆங்கிலேயக் கோட்டை வீடு மாதிரிக் கோபுரமும் வளைவுமாகக் கட்டியிருக்கிறார்கள். காரணம் மதாம் பொம்மரி. கணவர் 1858இல் இறந்தபோது அவருக்கு 40 வயதுகூட ஆகவில்லை, கையில் பிள்ளைகள். கடையை விற்றுவிட்டு ஒதுங்காமல் தானே நடத்தினார். அப்போது நல்ல விலை கொடுத்து வாங்கியவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்கள் கண்ணுக்குப் பிடித்த மாதிரியே கட்டிடத்தைக் கட்டிவிட்டார். வியாபாரம் தெரிந்த மனுஷி.

கட்டிடத்துக்குக் கீழேதான் விஷயம். ரோமர் காலத்தில் கட்டுமானத்துக்குச் சுண்ணக்கல் வெட்டி எடுத்த பெரிய பெரிய குழிகள் அங்கே இருந்தன, 120 அளவில். மதாம் அந்த நிலத்தை வாங்கி, குழிகளை எல்லாம் சுரங்கப் பாதைகளால் இணைக்க வைத்தார். இன்று 18 கிலோமீற்றர் பாதை. குழிகளின் உள்வடிவம் வேடிக்கையானது: மேலே ஒடுங்கி, கீழே போகப் போக விரிந்துகொண்டே போகும். அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் ஒரு சின்னச் சதுர வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு பாதைக்கும் ஓர் ஊரின் பெயர், போத்தல்கள் போன ஊர்கள். சுவரிலேயே சுண்ணக்கல்லைச் செதுக்கி ஆளுயரத்துக்கு மேலான புடைப்புச் சிற்பங்கள் வைத்திருக்கிறார்கள். நாவ்லே என்ற சிற்பி 1880களில் செய்தது. சுண்ணக்கல் மென்மையானது, விரலால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டும். (தடவக் கூடாதுதான். மச்சான் தடவினார்.)

கீழே போக ஒரே நேர்கோட்டில் 116 படிகள். இறங்கும்போது படம் எடுத்துக்கொண்டு ஜாலியாக இறங்குவோம். அதே படிகளில்தான் திரும்ப ஏற வேண்டும் என்பது பாதியில்தான் ஞாபகம் வரும். முழங்கால் வலி உள்ள அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்து வெயிலில் போனாலும் கீழே 10 பாகைதான், சுவெட்டர் கட்டாயம். அந்தக் குளிர் வருடம் முழுக்க மாறாமல் இருப்பதால்தான் இந்தத் தொழில் இங்கே நிலத்துக்குக் கீழே போனது. முதலாம் உலகப்போரில் ரான்ஸ் மீது குண்டு விழுந்தபோது ஊர்ச் சனம் இப்படியான நிலவறைகளில்தான் இருந்தது, பள்ளிக்கூடம்கூடக் கீழே நடந்தது. எங்களுடைய ஆக்களுக்கு பங்கர் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றேன்.

சரி, மச்சானின் கேள்விக்கு வருவோம். காஸ் எங்கிருந்து வருகிறது?

அறுவடையில் இருந்தே தொடங்க வேண்டும். ஷாம்பெயின் பிரதேசத்தில் இயந்திரத்தால் பழம் பறிக்க அனுமதியில்லை, எல்லாம் கைதான். குலை உடையாமல் முழுசாக அழுத்துக்கலத்துக்குப் போக வேண்டும். ஷார்தொனே, பினோ நுவார், முனியே என்ற மூன்று வகைதான் பெரும்பாலும். இதில் பின்னிரண்டும் கருந்திராட்சை. தோலில்தான் நிறம், சாறு வெள்ளை. மெதுவாக அழுத்திச் சாற்றைத் தோலில் இருந்து உடனே பிரித்துவிட்டால் வெள்ளை வைன் கிடைக்கும். 4000 கிலோ பழத்தில் 2550 லிட்டர் சாறுதான் எடுக்கலாம், அதற்கு மேல் பிழிந்தால் அது ஷாம்பெயினில் சேராது. இந்தச் சாறு புளித்து முதலில் சாதாரண வைனாகிறது. அதை நான் ஒருமுறை சுவைத்திருக்கிறேன். பல் கூசும் புளிப்பு, யாரும் அதைக் காசு கொடுத்துக் குடிக்க மாட்டார்கள். பல தோட்டம், பல பழவகை, பழைய வருடங்களின் இருப்பு என்று கலந்து ஒரு சுவைக்குக் கொண்டுவருவதுதான் அந்த வீட்டின் கைப்பக்குவம் (ஷாம்பெயின் நிறுவனத்தை வீடு என்றுதான் சொல்வார்கள்).

அடுத்த கட்டத்தில்தான் காஸ் வருகிறது. இந்தக் கலவையோடு ஒரு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சீனியும் ஈஸ்டும் சேர்த்து, போத்தலில் ஊற்றி, பியர் மூடி மாதிரி இரும்பு மூடி போட்டு இறுக்கி, கீழே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். ஈஸ்ட் சீனியைச் சாப்பிட்டு அற்ககோலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. நான் மச்சானிடம் சொன்னேன்: "தவறணையில் புதுக் கள்ளு நுரைக்குமே, அதே வேலைதான். கள்ளு முட்டி திறந்திருக்கு, காஸ் எல்லாம் போயிடும். இங்க வாயைக் கட்டிப்போட்டு உள்ளயே கரைய விடுறாங்கள்." அதற்குப் பிறகு அவர் சோடாப் பேச்சை எடுக்கவில்லை.

அப்படி அடைபட்ட வாயுவின் அழுத்தம் சுமார் 6 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. பழைய காலத்தில் எவ்வளவு சீனி போட வேண்டும் என்ற கணக்கு தெரியாமல் போட்டார்கள். போத்தல் வெடிக்கும், ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கும். வேலையாட்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டுதான் நிலவறைக்குள் போனார்கள். 1836இல் பிரான்சுவா என்ற மருந்தாளர் வைனில் மிச்சமிருக்கிற சீனியை அளக்க வழி சொன்ன பிறகுதான் இது கட்டுக்குள் வந்தது. தோம் பெரிஞ்ஞோன் என்ற துறவிதான் ஷாம்பெயினைக் கண்டுபிடித்தார் என்று எங்கள் ரெஸ்டோரண்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சொல்வார்கள். அவர் காலத்தில் குமிழி ஒரு குறை, அதை வராமல் தடுக்கத்தான் பார்த்தார்கள். 1662இலேயே கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர், வைனில் சீனி சேர்த்து நுரைக்க வைப்பதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் அறிக்கை கொடுத்துவிட்டார். அழுத்தம் தாங்கும் கனமான கண்ணாடியும் அப்போது அவர்களிடம்தான் இருந்தது. பரிமாறும்போது இதையெல்லாம் நான் சொல்வதில்லை, டிப்ஸ் போய்விடும்.

ஈஸ்ட் வேலை முடித்துச் செத்து, போத்தலுக்குள் சாம்பல் நிற வண்டலாகப் படிகிறது. உடனே எடுத்துவிட மாட்டார்கள். வருடம் குறிப்பிடாத சாதாரண ஷாம்பெயின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும், அதில் 12 மாதம் வண்டலோடு. வருடம் அச்சிட்டதற்கு 3 வருடம். செத்த ஈஸ்ட் மெல்லக் கரைந்துதான் பாணும் வறுத்த பாதாமும் கலந்த அந்த வாசம் வருகிறது. 40 யூரோவில் ஒரு பகுதி இப்படிச் சும்மா கிடப்பதற்கான வாடகை.

வண்டலை வெளியே எடுக்கிற விதம்தான் எனக்கு எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காதது. கூரை போலச் சாய்ந்த இரண்டு பலகைகள், அவற்றில் ஓட்டைகள், ஓட்டைக்கொரு போத்தல் கழுத்துப் பக்கமாகச் செருகியிருக்கும். ஆள் வந்து இரண்டு கையாலும் இரண்டு போத்தலைப் பிடித்து ஒரு சின்ன ஆட்டு, ஒரு சின்னத் திருப்பு, கொஞ்சம் நிமிர்த்தல். டக் டக் என்று அடுத்த சோடிக்குப் போய்விடுவார். வாரக்கணக்கில் இப்படிச் செய்தால் போத்தல் தலைகீழாகி, வண்டல் எல்லாம் மூடிக்கு மேல் வந்து சேரும். கை தேர்ந்தவர் ஒரு நாளில் 40,000 போத்தல் வரை திருப்புவார். இந்தப் பலகையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய பெருமை இதே ரான்ஸைச் சேர்ந்த இன்னொரு விதவை, மதாம் கிளிக்கோவின் வீட்டுக்குப் போகிறது. இன்று பெரும்பாலும் இயந்திரம் திருப்புகிற இரும்புக் கூடைகள்தான், ஒரு தடவையில் சுமார் 500 போத்தலை ஒரு வாரத்தில் முடித்துவிடும். இயந்திரத்தால் சுவை கெட்டுப்போகிறது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வண்டலை ஓர் இடத்துக்குச் சேர்ப்பதுதானே, யார் சேர்த்தால் என்ன.

பிறகு கழுத்தை மட்டும் கடுங்குளிர்த் திரவத்தில் முக்குகிறார்கள். வண்டல் ஐஸ் கட்டியில் சிக்கிக்கொள்ளும், மூடியைத் திறந்ததும் உள்ளழுத்தம் அதைச் சுட்டுத் தள்ளும். குறைந்த அளவை வைனும் சீனியும் கலந்து நிரப்பித் தக்கை அடிக்கிறார்கள். இந்தக் கடைசிச் சீனிதான் லேபிளில் இருக்கிற பெயர். லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ் என்றால் ப்ரூட். சீனியே சேர்க்காமல், வைனில் இருப்பதும் 3 கிராமுக்குக் கீழ் என்றால் ப்ரூட் நாத்யூர். தெமி செக் என்று போட்டிருந்தால் 32க்கு மேல், அதைக் கேக்கோடு வையுங்கள். ஒரு காலத்தில் ரஷ்யாவுக்குப் போனதெல்லாம் பாகு மாதிரி இனிப்பு. ஆங்கிலேயர்களுக்கு இனிப்புக் குறைவாக வேண்டும் என்று கண்டு, 1874இல் பொம்மரி வீடு சீனி குறைத்த வைனை விற்றது. இன்று உலகம் குடிப்பது அந்த வழியைத்தான்.

நிலவறைக்குள் இன்றைய கலைஞர்களின் படைப்புகளும் வைக்கிறார்கள், கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடில்லை. மேல் மண்டபத்தில் 75,000 லிட்டர் கொள்கிற மரப்பீப்பாயை மட்டும் தவறவிடாதீர்கள். 1904 சென் லூயி உலகக் கண்காட்சிக்காக எமில் காலே என்ற கலைஞர் செதுக்கியது.

படி ஏறி மூச்சு வாங்கி முடிந்ததும் ஒரு கிளாஸ். ப்ரூட் ரோயால் தந்தார்கள், அதுதான் அவர்களுடைய அன்றாட வைன். மெல்லிய பொன் நிறம், தேசிக்காய், பச்சை அப்பிள். கனமில்லாத, நாக்கைச் சுத்தம் செய்கிற வகை. ஆழமான, பாண் வாசம் தூக்கலான ஷாம்பெயின் பிடித்தவர்களுக்கு இது மெலிசாகத் தெரியலாம். எனக்கு மட்டன் றோல்ஸோடு இந்த மாதிரிதான் வேண்டும். எண்ணெயை அப்படியே வெட்டும். எத்தனை கிளாஸ், எந்த வைன் என்பதைப் பொறுத்துச் சீட்டு விலை மாறும், இணையத்தில் முதலே பதிவு செய்துவிட்டுப் போங்கள். கூடிய விலைச் சீட்டு முதல் தரம் போகிறவர்களுக்குத் தேவையில்லை.

கிளாஸில் குமிழி நூல் மாதிரி எழும்புவதை மச்சான் கண்ணெடுக்காமல் பார்த்தார். அது எழும்பக் காரணம் கிளாஸில் ஒட்டியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத நார்த்துணுக்குகள், துடைத்த துணியில் இருந்தும் காற்றில் இருந்தும் வருபவை. ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் லிஜெ பெலேர் என்ற பேராசிரியர் இதையே ஆராய்ந்து, ஒரு கிளாஸில் பத்து லட்சம் குமிழி வரை வரும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் சமையற்கட்டில் சவர்க்காரம் சரியாக அலசாத கிளாஸ் வந்தால் நுரை அப்படியே அடங்கிவிடும், வாடிக்கையாளர் வைனைக் குறை சொல்லுவார்.

பிற்பகல் கதீட்ரல் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து இன்னொரு கிளாஸ் எடுத்தோம். எப்போதோ திறந்த போத்தல், அகன்ற வாய்க் கிண்ணம், பாதிச் சூடு. 8இலிருந்து 10 பாகையில் தர வேண்டியதை இப்படித் தந்து 14 யூரோ எடுத்தார்கள். ரான்ஸில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் குடிக்க வேண்டிய தலையெழுத்து. கிளாஸாகக் கேட்டால் போத்தல் உங்கள் முன்னால் திறக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

வாங்குகிறவர்களுக்கு: லேபிளின் அடியில் சின்ன எழுத்தில் ஆர்.எம். என்று இருந்தால் தன் தோட்டத்துப் பழத்தில் தானே செய்கிற விவசாயி, என்.எம். என்றால் வெளியிலும் பழம் வாங்கிச் செய்கிற பெரிய வீடு. பொம்மரி இரண்டாவது. விலைக்கு நான் விவசாயிப் போத்தல்களையே கூட வாங்குகிறேன். பிறந்தநாளுக்கு முப்பது பேர் என்றால் ஷாம்பெயினே வேண்டாம், அல்சாஸ் அல்லது லுவார் பிரதேசத்து கிரெமான் என்ற நுரை வைனை எடுங்கள். அதுவும் போத்தலுக்குள்தான் நுரைக்கிறது, குறைந்தது 9 மாதம் வண்டலில் கிடக்கிறது, விலை பாதிக்கும் கீழே. ஸ்பெயின் காவாவும் அதே முறை. இத்தாலியப் புரொசெக்கோவுக்குப் பெரிய தொட்டியில் மொத்தமாக நுரைக்க வைத்து அழுத்தத்தோடு அடைப்பதுதான் வழக்கம். பழ வாசம் கூட, பாண் வாசம் இருக்காது. குறைவான பொருள் என்று சொல்ல மாட்டேன், வெயிலுக்கு அது நல்லது. திறக்கும்போது கம்பியை ஆறு அரைச் சுற்றுத் தளர்த்தி, தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு போத்தலைத் திருப்புங்கள். படத்தில் வருகிற மாதிரி வெடிக்க வைத்தால் கண்ணும் போகும், வைனும் போகும்.

மச்சான் நிலவறைக் கடையில் இரண்டு போத்தல் வாங்கினார். விமானத்தில் போகிறவர்கள் அதைக் கைப்பையில் வைக்காமல், உடுப்புக்குள் சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள். பல விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.